அரைமணி அக்காவும் பதினொரு நார்மலும்

ஜெல் பாட்டிலை வெந்நீர் டம்ளருக்குள் தலைகீழாக நிறுத்திவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்கிறதை நெஞ்சுல ஊத்தினா எந்த இதயம்தான் நிம்மதியா அடிக்கும்?" என்று கேட்கிறார் அரைமணி அக்கா. யாரைக் கேட்கிறார் என்று தெரியாது. அறையில் அப்போது யாரும் இல்லை. டம்ளர் அவர் வீட்டிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த சூடாக்கி கெட்டுப்போய் நாலு வருஷம் ஆகிறது. மாற்றித் தரச் சொல்லி அவர் கொடுத்த விண்ணப்பங்கள் ஆறையும் நான்தான் தட்டச்சு செய்தேன். ஏழாவதுக்குப் பதிலாக டம்ளர் வந்துவிட்டது.

எக்கோ அறையில் அவருக்கு இது இருபதாவது வருஷம். நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்து, உள்ளே இதயம் அடிப்பதைத் திரையில் படமாகப் பார்க்கிற வேலை. ஊசி கிடையாது, வெட்டு கிடையாது, வலி கிடையாது. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இவருக்கு அரைமணி நேரம் வேண்டும். ஊருக்கே பெரிய மனிதராக இருந்தாலும் அரைமணி, வார்டு துடைக்கிற அம்மாவாக இருந்தாலும் அரைமணி. வெளியே பெஞ்சில் காத்திருந்து சலித்துப்போனவர்கள் வைத்த பெயர்தான் அரைமணி. அக்கா என்பதை ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. எனக்கு அவரைவிட ஏழு வயது கூடுதல், இருந்தும் எனக்கும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது. அவர் என்னை அண்ணே என்கிறார். முறை எங்கேயோ இடிக்கிறது, இரண்டு பேரும் கண்டுகொள்வதில்லை.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதய அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவன். தடுப்பு பாதி பலகை, பாதி மங்கலான கண்ணாடி. அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும், நான் இருமுவது அவருக்குக் கேட்கும். "அண்ணே, அது சளி இருமல் இல்ல. சிகரெட் இருமல். யாரை ஏமாத்துறீங்க?" என்று தடுப்பைத் தாண்டி வந்து விழும்.

ஆள் குள்ளம். கான்வாஸ் ஷூ, முழங்கை வரை சுருட்டிய வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு துண்டு. வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். இருபது வருஷம் கருவியை நெஞ்சுக்கூட்டில் அழுத்திப் பிடித்த தோள் அது. வலது கையில் கருவி, இடது கையில் மெஷின் பொத்தான்கள். கருவியை நெஞ்சில் வைத்துவிட்டால் படம் முடியும்வரை கையை எடுக்க மாட்டார். "எடுத்தா அந்த இடம் திரும்ப மாட்டாதுண்ணே. இதயம் ஒரு தடவைதான் நல்ல மூஞ்சி காட்டும்." அதனால் மிச்ச வேலையெல்லாம் காலுக்கு. குப்பைக்கூடை மூடியைக் காலால் திறப்பார். சுவரடியில் இருக்கும் சுவிட்சை ஷூ நுனியால் தட்டுவார். உட்கார்ந்திருக்கும் சக்கர ஸ்டூலைத் தரையை உதைத்து நகர்த்துவார். அறை தீப்பெட்டி அளவு, காலை நீட்டினால் கதவே எட்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. படம் தெளிவாக விழ, படுத்திருப்பவர் மூச்சை வெளியே விட்டுச் சற்று நிறுத்த வேண்டும். "மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தானும் நிறுத்திக்கொள்வார். தனக்கு முட்டியதும்தான் அவரை மூச்சு இழுக்கச் சொல்வார். ஓர் ஆளுக்கு இருபது தடவை, ஒரு நாளைக்குப் பதினைந்து ஆள். சாயங்காலம் பார்த்தால் நாலு மாடி ஏறி வந்தவர்போல் நிற்பார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒருமுறை கேட்டேன். "படுத்திருக்கிறவங்க எவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னால முடியலன்னா அவங்களாலயும் முடியாது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் கணவர் பால் வண்டி ஓட்டுகிறவர். மதியம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து என் மேசை ஓரம் உட்காருவார். ரொம்பச் சாது. "தூக்கத்துலகூட 'இடது பக்கமா திரும்பிப் படுங்க'ன்னு சொல்றா சார். நானும் திரும்பிப் படுத்துடறேன். எதுக்கு வம்பு?" என்றார் ஒருநாள்.

மாமியார் வேறு ரகம். எச்.ஐ.வி. உள்ளவர்களையும் மருமகள் தொட்டுப் படம் எடுக்கிறார் என்று யாரோ போட்டுக்கொடுத்த அன்று, வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தாராம். குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். மறுநாளும் வாளி இருந்தது, மறுநாளும் செடிக்குத்தான் போனது. "ரெண்டு மாசம் ஓடுச்சுண்ணே. ஒரு வார்த்தை சண்டை போடல. செடி நல்லா தழைஞ்சு வந்துச்சு. அத்தைதான் தண்ணி தூக்கி ஓய்ஞ்சுபோனாங்க."

மாமியாரை ஓயவைத்தவரால் ஆஸ்பத்திரியை ஓயவைக்க முடியவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையைத் தாண்டி ஒரு கட்டடம் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிற இடம். அந்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறவர்களுக்குக் கிருமி அடங்கிப்போய், ரத்தப் பரிசோதனையில்கூடத் தட்டுப்படுவதில்லை. பத்து வருஷம், இருபது வருஷம் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நம்மைப்போலவே தலை நரைத்து வருகிறவர்கள். ஆனால் அவர்களில் பலருக்கு இதயம் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே மக்கர் பண்ணலாம் என்பதால், அந்தக் கட்டடத்து டாக்டரம்மா அவர்களை எக்கோவுக்கு அனுப்புவார். அக்கா இதை அவர்களுக்கே விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். "கிருமியை மாத்திரை கட்டிப்போட்டு வெச்சிருக்கு. ஆனா வீட்டுக்குள்ள வருஷக்கணக்கா அடிதடி நடந்தா சுவர்ல கீறல் விழாதா, குழாய் அடைச்சுக்காதா? அதைத்தான் பாக்கறோம். பயப்படாதீங்க, திரும்பிப் படுங்க."

அந்தக் கட்டடத்திலிருந்து வரும் ஃபைல்களில் பட்டாணி அளவில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவது என் வேலை. பொட்டு ஒட்டிய ஃபைல் அடுக்கின் அடியில் போகும். எல்லோரையும் பார்த்து முடித்தபின், மெஷினைத் துடைத்து மூடுவதற்கு முன்னால், கடைசியாகக் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு வந்தவருக்கு மாலை நாலரைக்கு மேல். விதி என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. பதினாறு வருஷம் ஒட்டினேன். ஒட்டும்போது அந்தப் பெயர்களை நான் படித்ததுகூட இல்லை.

அக்காவுக்கு அந்தப் பொட்டைக் கண்டால் ஆகாது. "தோலுக்கு மேல வெச்சுப் பாக்கறதுக்கு எதுக்குண்ணே எச்சரிக்கை? என்னமோ நெஞ்சைப் பிளந்து கையை உள்ள விடற மாதிரி. மெஷினை ஒவ்வொரு ஆளுக்கும்தானே துடைக்கிறேன்?" அவர்களைக் கடைசியில் கூப்பிட்டாலும் அரைமணியில் ஒரு நிமிடம் குறைக்க மாட்டார். ஏழு மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கப் பார்ப்பார், இவர் உள்ளேயிருந்து சத்தம் போடுவார். வரிசையை மாற்றச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "பாக்கலாம்" என்று பதில் வந்தது.

அவர் பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. அதை அவரே சொல்வார். "நானும் மொத வருஷம் ரெண்டு கையுறை மாட்டினவதான். அந்தக் கட்டடத்து ஆளுங்கன்னா துணிக்கு மேலேயே கருவியை வெச்சு அஞ்சு நிமிஷத்துல எழுப்பி விட்டவதான். ஒரு அம்மா எழுந்து உக்காந்து, 'படம் விழுந்துச்சா கண்ணு?'ன்னு கேட்டாங்க. விழல. விழுந்துச்சுன்னு சொன்னேன்." இதற்குமேல் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வருஷம் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்காக மூன்று மாதம் விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் பத்து நிமிடக்காரர், நாலரை ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பவர். பெரிய டாக்டரோ நாலு மணிக்கே கிளம்புகிறவர். அப்படியானால் கடைசி ஃபைல்களுக்குக் கையெழுத்து எப்படி வாங்குவது? எங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. என் கணினியில் 'நார்மல்' என்று ஓர் அறிக்கை தயாராகவே கிடக்கும். இதய அறைகள் அளவாக உள்ளன, வால்வுகள் சரியாக மூடுகின்றன, சுவர்கள் நன்றாகச் சுருங்குகின்றன. பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். சிவப்புப் பொட்டு ஃபைல்களுக்கு மதியம் இரண்டு மணிக்கே நார்மல் அடித்து, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிடுவேன். படம் எடுக்கும்போது வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த மூன்று மாதத்தில் ஒரு திருத்தம்கூட என்னிடம் வரவில்லை. எல்லோருக்கும் இதயம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அக்கா திரும்பி வந்த இரண்டாவது வாரம் சிலிண்டர் தம்பி வந்தார். வயது நாற்பத்தொன்று. எரிவாயு சிலிண்டரைத் தோளில் தூக்கி வீடு வீடாகப் போடுகிறவர். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள்தான் அவருக்கு வாய்த்தவை. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் மாத்திரை போடுகிறார். நாலைந்து மாதமாக இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் ஆகிவிடுகிறதாம், உட்கார்ந்தால் போய்விடுகிறதாம். ஃபைலில் ஏற்கெனவே எக்கோ அறிக்கை இருந்தது. அதைப் பார்த்தும் அந்தக் கட்டடத்து டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, மறுபடி அனுப்பியிருந்தார். மணி அஞ்சு. என் கணக்குப்படி அவர்தான் கடைசி ஆள்.

"இதுக்கு முன்னாடி எக்கோ எடுத்திருக்கீங்களா?" அக்கா கேட்பது தடுப்பு வழியாகக் கேட்டது.

"ரிப்போர்ட் இருக்குக்கா. நார்மல்."

"ரிப்போர்ட் கெடக்கட்டும். இந்தக் கட்டில்ல படுத்திருக்கீங்களா?"

கட்டில் ஒருமுறை ஆடும் சத்தம் கேட்டது.

"படுக்கலக்கா. அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு வந்து உக்காந்தேன். அஞ்சு மணிக்கு ஒருத்தர் வெளிய வந்து, மெஷினை மூடியாச்சு, ரிப்போர்ட் உங்க கட்டடத்துக்கே வந்துரும், போங்கன்னாரு. அதே மாதிரி வந்துச்சு. தொடாமலே பாக்கற மெஷின் போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

என் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றுவிட்டன. சிலிண்டர் தம்பி குறையாகக்கூட அதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

"அப்புறம்?"

"நார்மல்னு போட்டிருந்துச்சுல்ல. சரி, நமக்குத்தான் உடம்பு வணங்கலன்னு, ஒரு நடையில ரெண்டு சிலிண்டரா தூக்கிப் பழகினேன்."

 வெந்நீர் டம்ளரிலிருந்து அக்கா பாட்டிலை எடுக்கும் சத்தம் கேட்டது. "திரும்பிப் படுங்க தம்பி" என்றார். அன்று அரைமணி இல்லை, ஐம்பது நிமிடம். அவர் இதயங்களோடு பேசுவது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றைக்குப் பேசியது வேறு மாதிரி இருந்தது. "எல்லாரும் வேலை செய்யறப்ப நீ மட்டும் ஏன் சும்மா நிக்கிற? உனக்கு யாரு ரத்தம் அனுப்பல? காட்டு, ஒளிஞ்சுக்காதே." இதயச் சுவரில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களோடு சேர்ந்து சுருங்காமல் பின்தங்கியது. கண் சிமிட்டினால் தவறிப்போகும் அளவுதான். பத்து நிமிடப் பார்வைக்கு அது தெரியாது. பிறகு கழுத்து ரத்தக் குழாயிலும் கருவியை வைத்துப் பார்த்தார். அங்கே கொழுப்பு படிந்திருந்தது. கழுத்தில் அப்படி என்றால் இதயத்துக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்கலாம். அதை உறுதியாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை, படங்களை அச்செடுத்துக்கொண்டு அவர் டாக்டர் அறைக்குப் போனார். அறிக்கையோடு பின்னால் நான். பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். அந்த அறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி நார்மல்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். "இப்ப இப்படி எழுதினா முன்னுக்குப் பின் முரணா இருக்கும். லேசான சந்தேகம்னு போடுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"ஆறு மாசத்துல அவர் எத்தனை மாடி ஏறுவாரு தெரியுமா டாக்டர்?"

"அதுக்காக?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த படத்தைக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. காட்டினா நான் லேசான சந்தேகம்னு போட்டுடறேன்."

"பழசெல்லாம் மெஷின்ல அழிஞ்சிருக்கும்."

"அன்னிக்குப் பாத்த இருபத்திரண்டு பேர் படமும் பத்திரமா இருக்கு. இவரோடது மட்டும் தானா எழுந்து வீட்டுக்குப் போயிடுச்சா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். ஓய்வுபெற எனக்கு இரண்டு வருஷம் பாக்கி. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷமும் சுகமாகப் போயிருக்கும். ஆனால் இரண்டு சிலிண்டரைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படி ஏறும் ஆள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. "அது நான் அடிச்சது டாக்டர்" என்றேன். "ரெண்டு மணிக்கு அடிச்சேன். அவர் பேரை அன்னிக்குக் கூப்பிடவே இல்ல."  டாக்டர் சீட்டை இழுத்து, சி.டி.க்கு எழுதிக்கொடுத்தார். 

வெளியே வந்ததும் அக்கா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையை நீட்டினார். "லிஸ்ட் குடுங்கண்ணே."

"எந்த லிஸ்ட்?"

"நான் இல்லாதப்ப நீங்க அடிச்ச எல்லா நார்மலும்."

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் எண்ணாகத் தேடினார். நான் எண்ணைப் படிப்பேன். "இருக்கு" என்பார். அடுத்த எண். "இருக்கு." சில எண்களுக்குப் பேனாவால் ஒரு கோடு போடுவார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த கணவர் நிலைமையைப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்றபடியே சாப்பிட்டுப் போனார். கடைசியில் கோடுகளை எண்ணினோம். பதினொன்று. பதினொரு பேருக்கு அறிக்கை இருந்தது, படம் இல்லை. பதினொன்றும் நார்மல், பதினொன்றிலும் சிவப்புப் பொட்டு. எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

சிலிண்டர் தம்பி போக மீதிப் பத்துப் பேரையும் அடுத்தடுத்த நாட்களில் வரச்சொன்னார். மாலை நாலரைக்கு இல்லை, காலை எட்டு மணிக்கு. முதல் டோக்கன். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து, "நாங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கோம். இவங்க யாரு, நேரா உள்ள போறதுக்கு?" என்று கேட்டார்.

"இவங்க மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்து உக்காந்தவங்க" என்றார் அக்கா. யார், என்ன என்று சொல்லவில்லை. கேட்டவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்தில் எட்டுப் பேருக்கு நிஜமாகவே நார்மல். ஒருவருக்கு வால்வு ஒழுகியது, ஒருவருக்கு இதயம் இறுகத் தொடங்கியிருந்தது. இருவருக்கும் மருந்து ஆரம்பித்தாயிற்று. "எட்டுப் பேர் நார்மல்தானே, அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று நர்ஸ் ஒருவர் கேட்டுவிட்டார். "நார்மல்னு சொல்றதுக்கும் பாத்துட்டுச் சொல்லணும்மா" என்றார் அக்கா. அந்த எட்டு அறிக்கைகளையும் புதிதாக, ஒவ்வொரு வரியையும் அவர் எழுதிக்கொடுத்த அளவுகளைப் பார்த்து அடித்தேன். தயாராகக் கிடந்த நார்மலைக் கணினியிலிருந்து அழித்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து, இழுப்பறையைத் திறந்து, சிவப்புப் பொட்டு ரோலை எடுத்துக்கொண்டு போனார். குப்பைக்கூடை மூடி திறந்து மூடுகிற சத்தம் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஸ்டோரிலிருந்து புது ரோல் வந்திருக்கிறது. நான் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை, பிரிப்பதாகவும் இல்லை. இப்போது எல்லா ஃபைலும் வந்த வரிசையில் போகிறது.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. எனக்கு, பார்க்காத படத்துக்கு அறிக்கை அடித்ததற்காக. அது நியாயம், ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன், விசாரணை நடக்கிறது. அக்காவுக்கு, வரிசை முறையை மீறியதற்காக. பதிலை என்னிடமே சொல்லி அடிக்கச் சொன்னார். "'வரிசை முறையை நான் மீறவில்லை. இருபது வருஷத்தில் இப்போதுதான் வரிசைப்படி கூப்பிடுகிறேன்.' அவ்வளவுதான் அடிங்க. 'பணிவுடன்'னு எல்லாம் சேத்துடாதீங்க." கை பழக்கத்தில் சேர்த்துவிட்டேன். அதைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மெமோவை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டிலின் ஒரு காலுக்கு அண்டக் கொடுத்தார். கட்டில் இப்போது ஆடுவதில்லை.

சிலிண்டர் தம்பிக்கு சி.டி.யில் இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்துக்கொண்டு இருந்தது தெரிந்தது. குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் ஓய்வு. இதயம் எப்படி வேலை செய்கிறது, எப்போது மறுபடி மாடி ஏறலாம் என்று பார்க்க, போன வாரம் திரும்ப எக்கோவுக்கு வந்தார். டோக்கன் எண் நாலு. காலை ஒன்பதரை மணி. இந்த ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு வருஷமாக வருகிறவர், பெயரைக் காலையிலேயே கூப்பிட்டதும் தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நான் அப்போது அக்காவிடம் அளவுக் காகிதம் வாங்குவதற்காக எழுந்து கதவருகே நின்றிருந்தேன். புழுக்கமாக இருந்ததால் கதவு திறந்திருந்தது, திரைச்சீலை கட்டிலை மறைத்திருந்தது, அக்கா மட்டும் தெரிந்தார். அக்கா இருபதாவது நிமிடத்தில் இருந்தார். "ம், இப்பத்தான் ஒழுங்கா வேலைக்கு வர்றே" என்று அன்று பின்தங்கிய அந்த இதயச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி, உங்களைச் சொல்லல. நீங்க பேசாம படுங்க."

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்து கதவில் நின்றார். பின்னால், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி மாட்டிய ஒருவர். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் இருக்கிறவராம்.

"சாருக்கு ஒரு எக்கோ. பத்து நிமிஷ வேலைதான்" என்றார் டாக்டர், அடங்கிய குரலில். "படுத்திருக்கிறவரைக் கொஞ்சம் எழுப்பி உக்காரவைங்க. அவரைக் கடைசியில பாத்துக்கலாம்."

கட்டில் அசையும் சத்தம் கேட்டது. சிலிண்டர் தம்பி எழுந்துகொள்ளப் பார்த்தார் போலிருக்கிறது. 'கடைசியில' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவர் உடம்பு அப்படிப் பழகியிருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை திரைச்சீலைக்குள் நெஞ்சின் மேலேயே இருந்தது, இடது கை பொத்தானில் இருந்தது. கான்வாஸ் ஷூ போட்ட கால் மட்டும் அவசரமில்லாமல் நீண்டு, கதவின் அடியைத் தொட்டு, தள்ளியது. கதவு பெரிய டாக்டரின் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

"மூச்சை விடுங்க தம்பி" என்று உள்ளேயிருந்து கேட்டது. "அப்படியே நிறுத்துங்க."